பொட்டிலிருந்து அளந்த புருவம்

ஜூன் 8, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. இட்லிக்கு ஊறப்போட மறந்தாயிற்று.

விஜயநகர் பார்லருக்குப் போவது என்று முடிவு. தைராய்டில் புருவம் கொட்டி மூன்று வருடம். தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்து பென்சிலால் வரைகிறேன். வேலை கார்மெண்ட்ஸில், அயர்னிங் செக்‌ஷன். அந்த ஆவியில் பத்து மணிக்கே ஒரு பக்கம் போய்விடும். போன வாரம் கர்ச்சீப்பில் துடைத்ததில் இடது புருவம் காதுவரை. லைனில் எல்லாரும் சிரித்தார்கள். கூடவே நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று இன்னும் எரிச்சல்.

அவரிடம் சொன்னேன், பச்சை குத்துகிற மாதிரி புருவத்தை நிரந்தரமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று இருக்கிறேன் என்று. பேப்பரிலிருந்து தலை நிமிரவில்லை. "இந்த வயசுல யாருக்குக் காட்டறதுக்கு?"

மாதம் தவறாமல் மீசைக்கு டை அடிக்கிறார். அது யாருக்கு?

ஜூன் 9, திங்கள்

பார்லர் பெண் ரம்யா போனில் பொறுமையாகச் சொன்னாள். இரண்டு வகை. முடி முடியாகக் கீறிப் போடுவது ஒன்று. பவுடர் தூவியது போல நிரப்புவது இன்னொன்று. எனக்கு எண்ணெய் வழிகிற முகம், கீறினால் கோடு பரவிவிடுமாம். பவுடர்தான் நிற்குமாம். இரண்டு மூன்று வருடம் வரும். சரி, பவுடர். முடிந்தது என்று நினைத்தேன். விட்டால்தானே.

மகள் நிவேதா: "ஆம்ப்ரே போடும்மா. முன்னாடி லைட்டா, பின்னாடி டார்க்கா. ஈக, இப்ப எல்லாரும் அதான்." முகம் என்னுடையது என்றேன். "சும்னிரம்மா" என்றாள். அம்மாவை வாயை மூடச் சொல்லக் கன்னடம்தான் அவளுக்கு வசதி.

கொள்ளேகாலிலிருந்து நங்கையா போன். அவருடைய அக்கா. "கண்ணு, நல்லா வளைச்சு வெச்சுக்க. டிவில வர்ற மருமவளுக்கு இருக்குதில்ல, அதாட்டம்." அந்த மருமகள் மாமியாருக்கு விஷம் வைக்கிறவள். அதைப் பற்றி நங்கையாவுக்குக் கவலை இல்லை.

முழங்கால் வலிக்கு ஒரு வருடமாகச் சொல்கிறேன், ஒருவரும் காதில் வாங்கவில்லை. புருவம் என்றதும் ஆளாளுக்கு யோசனை.

ஜூன் 15, ஞாயிறு

நல்ல வெயில். நிவேதாவோடு பார்லர். சாயம் ஒத்துக்கொள்கிறதா என்று காதுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்துப் பார்த்தாள் ரம்யா. பிறகு நூலில் மை தடவி நெற்றியில் வைத்து அளந்து, பென்சிலால் மாதிரிக்கு வரைந்தாள். ஊசி அடுத்த வாரம். சின்னப் பெண், கை சுத்தம். நிவேதா போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டாள்.

வந்த பதில்கள்:
நங்கையா: வளைவு பத்தாது.
கொழுந்தனார்: கட்டைவிரல்.
கொழுந்தனார் மனைவி: இன்னும் தடிமனாக வேண்டும்.
அவர்: "ம்."
நிவேதா: பக்கத்து நாற்காலியில் இருந்துகொண்டே ஒரு இதயம்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவப் போனேன். பொட்டை எடுத்ததும்தான் கண்ணில் பட்டது. இரண்டு புருவமும் இடப்பக்கமாகத் தள்ளி நிற்கின்றன. வலது புருவம் மூக்கின் மேலேயே ஏறி வருகிறது. ஏன் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. என் பொட்டு எப்போதும் ஒரு நூல் இடப்பக்கம் தள்ளித்தான் இருக்கும், மூக்குக் கண்ணாடி போடாமல் ஒட்டுகிற பழக்கம். அந்தப் பெண் பொட்டுதான் நடு என்று அளந்திருக்கிறாள்.

போன் போட்டுக் கேட்டேன். புருஷன் இருக்கிறவள் நெற்றியில் பொட்டை எடுக்கச் சொல்ல மனம் வராதாம். யாரிடமும் சொன்னதில்லையாம். மரியாதையாம். அந்த மரியாதையை மூன்று வருடம் கோணலாகச் சுமந்து திரிய வேண்டியது நான்.

அவள் மேல்கூட அவ்வளவு கோபம் வரவில்லை. குடும்பத்தில் ஐந்து பேர் பார்த்தார்கள். இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிற முகம். ஒருத்தருக்காவது கோணல் தெரிய வேண்டாமா? குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன்.

ஜூன் 22, ஞாயிறு

டெய்லர் கடைக்கு என்று பொய் சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன். ஆட்டோக்காரன் ஒரு தெரு சுற்றிவிட்டான்.

உட்கார்ந்ததும் பொட்டை நானே உரித்து, எதிரிலிருந்த கண்ணாடியில் ஒட்டினேன். "பேடா மேடம், வேண்டாம்" என்று ரம்யா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். மூக்கை வைத்து அள என்றேன். அளந்தாள். வரைந்தாள். மூன்று தடவை அழிக்கச் சொன்னேன். வளைவு வேண்டாம், ஆம்ப்ரே வேண்டாம். பவுடர்தான், நேராக, எனக்கு முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம் கனமாக. மரத்துப்போகிற க்ரீம் தடவியும் வலி. இரண்டு மணி நேரம். பரவாயில்லை.

ரம்யா போட்டோவை ஸ்டேட்டஸில் வைக்க, நிவேதா அதைக் குரூப்புக்கு அனுப்ப, சாயங்காலத்துக்குள் நங்கையா போனில். "பாழு நெத்தியோட போட்டாவா? என்ற தம்பி கல்லாட்டம் இருக்கறான், தெரியுமல்ல?"

கல்லாட்டம் இருப்பதுதான் தொல்லை என்று வாய்வரை வந்தது. "சரிங்க நங்கையா" என்றேன். போனை வைத்தபிறகு என் மேலேயே ஆத்திரம்.

ஜூன் 25, புதன்

மழை விட்டு விட்டு. இரண்டு வேளை ஆயின்மெண்ட். தண்ணீர் படக்கூடாது. கன்னங்கரேல் என்று இருக்கிறது, ஒரு வாரத்தில் வெளிறுமாம். ஆறேகால் வரை தூங்கினேன்.

சாயங்காலம் அவருக்கு டீ கொடுத்தேன். வாங்கியவர் குடிக்காமல் என் முகத்தையே, நேராகக் கறுத்து நிற்கிற புருவத்தையே பார்த்தார்.

"ஏன் செல்வி, கோவமா இருக்கறயா?"

"ஆமாங்க. மூணு வருசமா."