அக்காவின் ஒருசந்தியும் நான் வெட்டிய நான்கு வரிகளும்

அன்புள்ள அக்கா,

வருகிற பெரிய வெள்ளியன்று உன் வீட்டுக்காரர், மச்சான், ஒருசந்தி நோன்பு இருக்கப்போகிறார். காலையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு, மாலை கோயிலில் சிலுவையை முத்தி செய்யும் வழிபாடு முடியும்வரை ஒன்றும் சாப்பிடுவதில்லை என்று முடிவு. உன் மகள் ஸ்டெல்லா முந்தாநாள் போனில் சொன்னாள். நேற்று எடப்பாடிக்கே போய் அவரிடம் கேட்டேன். உண்மைதான்.

அவருக்கு அறுபத்தெட்டு வயது. உன்னைப் போலவே சர்க்கரை. போன தவக்காலத்தில் கோயில் பக்கமே வராதவர், இந்த ஆண்டு உனக்காக இருக்கிறேன் என்கிறார். தடுக்க வேண்டியவன் நான். என் பேச்சு அந்த வீட்டில் எடுபடவில்லை. ஏன் என்பது உனக்குத் தெரியும். இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாது என்பதால் வரிசையாகச் சொல்கிறேன்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் காலைப் பேப்பரில் ஆண்டுதோறும் ஒரு சின்னச் செய்தி எழுதுவேன். ஒருசந்தி என்றைக்கு, இறைச்சி தொடாத சுத்தபோசனம் என்றைக்கு, யார் யாருக்கு என்று. இரண்டு ஆண்டுக்கு முன் ஒதுக்கிய இடத்தைவிட அதில் நான்கு வரி கூடிவிட்டது. வெட்டியது அலுவலகத்தில் வேறு யாரும் அல்ல, நான்தான். ஐம்பத்தொன்பது வயது நிறைந்தவர்களுக்கும் நோயாளிகளுக்கும் ஒருசந்திக் கடமை இல்லை என்ற கடைசிப் பத்தி அது. எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று நினைத்தேன்.

அந்தச் சாம்பல் புதன் காலை கெங்கவல்லிக்குப் பஸ் ஏறும்போது நீ போனில் கூப்பிட்டாய்.

“ஏஞ்சாமி, எனக்கு அறுவத்திமூணு ஆச்சு. ஊசி வேற போடறேன். நானும் ஒருசந்தி இருக்கோணுமா?”

“பேப்பர்ல போட்டிருக்கேன்க்கா, பாத்துக்க” என்றேன்.

ஒரு சொல்லில் முடிந்திருக்கும். பஸ்ஸில் இடம் பிடிக்கிற அவசரம் எனக்கு.

நீ பார்த்தாய். பதினெட்டு வயது நிறைந்தவர்கள் இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. யாருக்கு வேண்டாம் என்பது இல்லை. இட்லியைத் தட்டால் மூடிவைத்தாய். ஊசியை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொண்டாய். பதினொரு மணி வாக்கில் தறிக்கூடத்து வாசற்படியில் விழுந்தாய். தறிகள் ஓடிய சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. நான்காம் நாள் போய்விட்டாய்.

ஆஸ்பத்திரித் தாளில் எழுதியிருந்த காரணம் தலையில் அடி. விழுந்ததற்குக் காரணம் சர்க்கரை இறங்கியது என்று டாக்டர் வாயால் சொன்னார். சர்க்கரை ஏன் இறங்கியது என்று யாரும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

நீ சட்டத்தைவிடக் கறாரான ஆள். ஒரு தவக்கால வெள்ளியில் நாமகிரிப்பேட்டையில் முட்டை தோசை தின்றேன், முட்டைக்குத் தடை இல்லை என்று நான் சொன்னபோது, “சட்டம் படிச்சவன் நீ தின்னு சாமி. ஆண்டவருகிட்ட நான் சொல்லிக்கறேன்” என்று சிரித்தாய். அப்படிப்பட்டவள் அன்று என்னைக் கேட்டாய் என்றால், உடம்பு உனக்கு ஏதோ சொல்லியிருக்கும், இல்லையா? வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தால் சாப்பிட்டிருப்பாயா? அதை இனி யாரிடம் கேட்டு உறுதி செய்வது?

அடுத்த ஆண்டு அந்த நான்கு வரியைச் சேர்த்துத்தான் எழுதினேன். முந்தின ஆண்டு விட்டுவிட்டேன் என்று எழுதவில்லை. ஸ்டெல்லா ஒருமுறை கேட்டாள். “லாரி கவுந்ததுல செத்தவனுக்கு வயசத் தப்பாப் போட்டாக்கூட மறுநா திருத்தம் போடறீங்க மாமா. எங்கம்மாவுக்கு?” எழுந்து வந்துவிட்டேன்.

நேற்று மச்சானிடம், பங்குச் சாமியாரைக் கேட்டுவிட்டேன், உங்களுக்குக் கடமை இல்லை என்றேன். அவர் தறியில் அறுந்த இழையை முடிந்துகொண்டே பேசினார்.

“வாயில சொல்லாதீங்க மாப்ள. அவ வாயில கேட்டப்ப பேப்பரப் பாக்கச் சொன்னீங்க. இப்ப நானும் பேப்பரத்தான் பாப்பேன்.”

“அன்னிக்கு விட்டதுக்குத் திருத்தம் போட்டா சாப்பிடுவீங்களா மச்சான்?”

“மொதல்ல போடுங்க.”

போடுகிறேன், அக்கா. இரண்டு ஆண்டுக்கு முன் சாம்பல் புதனன்று நான் எழுதிய செய்தி முழுமையானது அல்ல. ஐம்பத்தொன்பது வயது நிறைந்தவர்களுக்கு ஒருசந்திக் கடமை இல்லை. நோயாளிகளுக்கு எந்த வயதிலும் இல்லை. கடமை உள்ளவர்களும் ஒரு வேளை முழுதாகவும் மற்ற இரு வேளை கொஞ்சமாகவும் உண்ணலாம். இதை விட்டது என் தவறு. என்னிடம் கேட்டவளுக்கு வாயால் சொல்லாதது அதைவிடப் பெரிய தவறு.

இது பெரிய வியாழன் காலை அச்சில் வரும். எடப்பாடிக்குப் பேப்பர் ஆறு மணிக்குப் போய்விடும். படித்துவிட்டாரா என்பதை ஸ்டெல்லா சொல்வாள். சாப்பிடுவாரா என்பது மறுநாள் காலை ஏழு மணிக்கு, அவர் ஊசியை எடுக்கும்போதுதான் தெரியும். அப்போது நான் போனில் இருக்கமாட்டேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். திட்டினாலும், போகச் சொன்னாலும், அவர் ஒரு வாய் வைக்காமல் எழுந்து வரமாட்டேன்.

உன் தம்பி,
சேவியர்