திருப்பிப் போட்டு ஒட்டிய வீடு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், தூக்கமும் முன்னைக்கு இப்போது பரவாயில்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ அதைத்தான் தேடுவாய். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா, அங்கே குளிர் விட்டதா. போனில் பேசினால் நானும் அழுகிறேன், நீயும் அழுகிறாய், சொல்ல வந்தது நின்றுபோகிறது, அதனால்தான் எழுத்துக்கூட்டி எழுதுகிறேன், பிழை இருந்தால் சிரித்துக்கொண்டு படி.

மாமா உனக்குப் போன் போட்டு, அக்காவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, அத்தான் போன துக்கத்தில் அட்டையை வெட்டிப் பொம்மை வீடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று சொன்னானாமே. நீயும் பயந்துபோய், மாதக் கடைசியில் வந்து என்னை ஒரேயடியாகக் கூட்டிக்கொண்டு போவதாக முடிவு செய்து, காலி செய்கிறோம் என்று வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டாய். உன்மேல் கோபம் இல்லை கண்ணு, உன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் என்ன நடந்தது என்று என் வாயாலும் ஒரு தடவை கேட்டுக்கொள்.

அப்பா போனதிலிருந்து தையல் மெஷினில் உட்கார முடியவில்லை. மிதித்தால் உள்ளேயிருந்து, நியூஸ் காதுல விழல, கொஞ்சம் நிறுத்தேன் என்று அவர் கத்துவார் போலவே இருக்கும். கை சும்மா இருந்தால் மனசு சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. எதிர்க் கடைக்காரர் வெளியே போட்டிருந்த அட்டைப்பெட்டியைப் பார்த்ததும், நம் வீட்டையே சின்னதாகச் செய்து பார்ப்போமே என்று தோன்றியது. டேப்பை வைத்துச் சுவர் சுவராக அளந்தேன், அடிக்கு ஒரு இஞ்ச் கணக்கு. ஐஸ் குச்சியில் கட்டில், தீப்பெட்டிகளை அடுக்கிப் பீரோ, சட்டைப் பட்டனில் தட்டு, பேஸ்ட் மூடியில் வாளி, ஜாக்கெட் லைனிங்கில் திரை. அப்பா சாப்பிட்டு முடிக்காத மாத்திரை அட்டை மேஜைமேலேயே கிடந்தது, தூக்கிப்போடவும் மனசில்லை, பார்க்கவும் முடியவில்லை. அதன் வெள்ளித்தாளை உரித்துப் பாத்திரம் கழுவும் தொட்டி செய்தேன். அன்றைக்குத்தான் அந்த மேஜையைத் துடைத்தேன்.

மாமா வந்து, சொப்பு வச்சு விளையாடுற வயசாக்கா இது, பாக்கிறவங்க என்ன சொல்லுவாங்க என்று சத்தம் போட்டான். சத்தம் போட்டவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்துவிட்டு, ஆமா, நான் உக்கார்ற சேர் எங்கே என்றான். நீ எந்திரிச்சாத்தானேடா அளவெடுக்க முடியும் என்றேன். அப்பா போனபின் நான் சிரித்தது அன்றைக்குத்தான், அதை அவன் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான்.

எல்லாம் ஒட்டிக் காய்ந்தபிறகு அப்பாவின் சாய்வு நாற்காலியை வைக்கப் போனேன். ஜன்னலுக்கு இடப்பக்கம் வைக்கவேண்டும், பார்த்தால் அங்கே வாசல் கதவு நிற்கிறது. இத்தனை வருஷத் தையல்காரி, என் பழக்கமே என்னைக் கவிழ்த்துவிட்டது. துணியில் உள்பக்கம்தான் குறி போட்டு வெட்டுவேன், தைத்துத் திருப்பினால் கோடு மறைந்துவிடும். அட்டையிலும் கோடு தெரிய வேண்டாம் என்று கை அதுபாட்டுக்குத் தரையையும் சுவரையும் திருப்பிப் போட்டு ஒட்டியிருக்கிறது. கண்ணாடியில் பார்க்கிற மாதிரி வீடு முழுக்க இடம் வலமாகிவிட்டது. அவர் உட்கார்ந்த இடத்தைக்கூட என்னால் சரியாக வைக்க முடியவில்லையே என்று உட்கார்ந்து அழுதேன்.

பிரித்துப் போட்டுவிடலாம் என்று கத்தியை எடுத்தேன். அப்போதுதான், இது நாங்கள் இருந்த வீடு இல்லையே, அது இனிமேல் வரப்போவதும் இல்லையே, இதில் நான் என் இஷ்டத்துக்கு என்ன வேண்டுமானாலும் செய்யலாமே என்று பட்டது. எடுத்த கத்தியால் சமையலறைச் சுவரில் ஒரு ஜன்னல் வெட்டினேன். உனக்குத் தெரியாததா, அந்த இருட்டில் புகையில் நின்று நான் கேட்கும்போதெல்லாம், பாத்துக்கலாம் பாத்துக்கலாம் என்பார் அப்பா. வீட்டுக்காரரிடம் வாய் திறக்கக் கூச்சம், பாவம், தனக்கென்று எதையும் கேட்டறியாத மனுஷர். வெட்டினதும் அந்தச் சின்ன அடுப்பின்மேல் வெளிச்சம் விழுந்தது பார், எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கே தெரியாது.

மறுநாள் வீட்டையே தூக்கிக்கொண்டு போய் வீட்டுக்காரர் மேஜையில் வைத்து, இந்த இடத்துல எனக்கு ஒரு ஜன்னல் வேணுங்க என்றேன். அவர் என்னையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். உங்க பொண்ணு காலி பண்றோம்னு சொன்னாங்களேம்மா என்றார். அவ சொன்னா, நான் சொல்லலையே என்றேன். கொஞ்சம் யோசித்தார், சரி, கொத்தனாரை வரச் சொல்றேன் என்றார். இதுல எல்லாம் இடம் வலமா இருக்குதுங்க, எதிர்ச் சுவரை இடிச்சிரப் போறாங்க என்று அவரை நேரில் கூட்டி வந்து காட்டியும் விட்டேன்.

உன்னோடு இருக்கப் பிடிக்காமல் சொல்லவில்லை கண்ணு. அவர் இல்லாத வீட்டில் நான் எப்படி இருப்பேன் என்றுதான் உனக்குக் கவலை. அங்கே வந்தாலும் அவர் இல்லைதானே. இங்கேயாவது எந்த இடத்தில் இல்லை என்று எனக்குத் தெரியும். மெஷினுக்கும் நேற்று எண்ணெய் போட்டேன், பக்கத்து வீட்டு நர்ஸம்மா தொளதொளவென்று இருக்கிற கவுன் ஒன்றைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறாள்.

நீ அவசியம் வா, லீவு இருக்கிறவரைக்கும் இரு. தலைவலியென்று வெறும் வயிற்றில் மாத்திரை போடாதே. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்லு. நீங்கள் ரெண்டு பேரும் மனசு கோணாமல் நூறு வருஷம் நல்லா இருக்கவேண்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, திரும்பிப் போகிற டிக்கெட்டை உனக்கு மட்டும் எடு.

இப்படிக்கு,
உன் அம்மா