செபமாலையின் மறுபாதி

அன்பு மகளுக்கு,

பேத்தியின் ஞானஸ்நானம் பற்றி இனிக் கேட்க மாட்டேன். “எல்லாச் சாமியும் ஒண்ணுதானுங்கப்பா, அவ வளந்து அவளே முடிவெடுக்கட்டும்” என்று போனில் சொன்னாய். வளர்ந்தபின் விரும்பினால் எழுத்துப் படிக்கட்டும் என்று நான் எந்தப் பிள்ளையையும் விட்டதில்லையம்மா.

செபமாலையில் ஒவ்வொரு மணிக்கும் செபத்தின் முதல் பாதியை நான் சொல்ல, நீயும் அம்மாவும் மறுபாதி சொல்வீர்கள். அம்மாவை அடக்கம் செய்தபின் இரண்டையும் நானே சொல்லிவந்தேன். பக்கத்து வீட்டு ஸ்தனிஸ்லாஸைத் துணைக்கு அழைத்தேன். “சீரியல் முடியட்டுங்க வாத்தியாரே” என்றார். முடிந்தும் வரவில்லை.

நேற்று முதல் பாதியைச் சொல்லிவிட்டுப் பழக்கத்தில் பதிலுக்குக் காத்திருந்தேன். பிறகு மறுபாதியைச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை. மாலையை ஆணியில் மாட்டிவிட்டேன்.

குழந்தைக்குச் சளி விட்டதா?

உங்களுக்காகச் செபிக்கிறேன் என்றுதான் எப்போதும் முடிப்பேன். இன்று அப்படி எழுதினால் பொய்யாகிவிடும். நலமாக இருங்கள்.

அப்பா