பழைய நேரமா, புதிய நேரமா

உன் மகள் நேற்று வந்துவிட்டுப் போனாள். முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து உன் அலுமாரியை ஒதுக்கும்போது கிடைத்ததாம். கைக்குட்டையில் சுற்றி உன் பழைய போனைத் தந்தாள். பொத்தான் வைத்த அதே சாம்பல் நிறப் போன். ஐந்தாம் இலக்கம் தேய்ந்தே போய்விட்டது. இன்று காலை கடை கடையாக அலைந்து ஒரு பற்றரி வாங்கிப் போட்டேன். உயிர் வந்ததும் அது என்னிடம் கேட்ட முதல் கேள்வி, இப்போது என்ன நேரம் என்பது. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

சுனாமியில் கடல் ஏறி வந்ததற்கு அடுத்த வருடம்தான் நாம் பழகினோம். திருகோணமலையில் படகு வந்துபோகும் ஜெற்றிக்கு அருகில் ஒரு போட்டோப் பிரதிக் கடையில் நான் வேலை செய்தேன். சனிக்கிழமைப் பின்னேரங்களில் கொம்பியூட்டர் வகுப்பு. அங்கே எனக்குப் பக்கத்துக் கதிரையில் நீ. உன் கணவரைக் கடல் கொண்டுபோயிருந்தது. கையில் இரண்டு வயது மகள், வீட்டில் ஒரு தையல் மெசின். கட்டைபறிச்சான் சோதனைச்சாவடிக்கு அப்பால் இருந்து சைக்கிளில் மூதூருக்கு வந்து, பன்னிரண்டு மணி லோஞ்ச் படகில் ஏறிக் குடாவைக் கடந்து வருவாய். ஒரு பின்னேர வகுப்புக்கு ஒரு நாள் பயணம். எனக்கு அந்த வகுப்பு பொழுதுபோக்கு. உனக்கு அப்படியில்லை என்பது எனக்கு விளங்கக் கொஞ்ச நாள் எடுத்தது.

வகுப்பு முடிவில் ஆளுக்கொரு புரோகிராம் செய்துகாட்டச் சொன்னார்கள். செயலி என்ற சொல்லெல்லாம் அப்போது எங்கள் வாயில் இல்லை. உன் போனில் ஓடக்கூடியதாக ஒன்று செய்வோம் என்று நீதான் சொன்னாய். லோஞ்ச் நேரம் அடிக்கடி மாறும். உன் ஊரில் சிக்னல் இல்லாததால் யாரையும் கூப்பிட்டுக் கேட்கவும் வழியில்லை. போனுக்குள்ளேயே நேரங்களைப் பதிந்துவிட்டால், ஒரு பொத்தானை அமத்தியதும் அடுத்த லோஞ்சுக்கு எத்தனை நிமிடம் என்று அது சொல்ல வேண்டும். அவ்வளவுதான் எங்கள் பெரிய திட்டம்.

கணினித் திரையில் ஒரு பொய்ப் போன் தோன்றும். எழுதியதை முதலில் அதில்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும். முதல் நாள் 'வணக்கம்' என்று மட்டும் வரச் செய்ய மூன்று மணித்தியாலம் பட்ட பாடு உனக்கு நினைவிருக்கும். தமிழ் எழுத்து வராது என்பதால் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினோம். ஒவ்வொரு வரி முடிவிலும் அரைப்புள்ளி போட நான் மறப்பேன், நீ நக்கலடித்துக்கொண்டே போடுவாய். ஐந்தாம் கிழமை வயரைக் கொழுவி அதை உன் உண்மைப் போனுக்குள் ஏற்றினோம். சின்னத் திரையில் நிமிடங்கள் குறைவதைப் பார்த்து, பிள்ளை நடக்கத் தொடங்கிய மாதிரி நீ கைதட்டினாய்.

அந்தத் திங்கட்கிழமைதான் உனக்கு நேர்முகப் பரீட்சை. கடலால் வீடிழந்தவர்களின் விவரங்களைக் கணினியில் பதியும் வேலை, பட்டணத்தில், காலை பத்து மணிக்கு. அந்த வேலை கிடைத்தால் மகளோடு இங்கேயே ஒரு அறை எடுப்பதாகச் சொல்லியிருந்தாய். அதற்குக் காலை லோஞ்சைப் பிடிக்க வேண்டும். அது ஏழரைக்கு என்று ஜெற்றிப் பலகையில் புதிதாக மாற்றி எழுதியிருந்தார்கள். நீ காலை லோஞ்சில் வந்ததேயில்லை. அதனால் நான் பதிந்த நேரத்தைத்தான் நம்பினாய்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். அப்போது எங்களுக்கு இரண்டு நேரம். அரசாங்கம் மணிக்கூட்டை அரை மணி முன்னுக்கு வைத்திருந்தது, அது புதிய நேரம். சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம், அரசாங்கத்தோடு போரிட்ட இயக்கத்தின் இடம், அங்கே பழைய நேரம். இங்கே ஏழரை என்றால் உன் வீட்டில் ஏழு. உன் போனில் பழைய நேரம்தானே ஓடும் என்று, ஏற்றுவதற்குச் சற்று முன் நான் எல்லா லோஞ்ச் நேரத்தையும் அரை மணி குறைத்துப் பதிந்தேன். கெட்டித்தனம் செய்துவிட்டதாக ஒரு நினைப்பு. உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீ என்ன செய்தாய்? பட்டணத்தில் எழுதிய புரோகிராம், பட்டணத்து நேரம்தான் கேட்கும் என்று, வீட்டுக்குப் போய்ப் போன் மணிக்கூட்டை அரை மணி கூட்டினாய். நீயும் சொல்லவில்லை.

திங்கள் காலை சோதனைச்சாவடி வரிசையில் நின்று போனை எடுத்துப் பார்த்திருக்கிறாய். ஏழு தாண்டி இரண்டு நிமிடம். "லோஞ்ச் போயிட்டுது" என்றது நம் புரோகிராம். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாய். இன்னும் இருபத்தெட்டு நிமிடம் கிடந்தது, மூதூர் ஜெற்றிக்கு இருபது நிமிட ஓட்டம். பிறகு பன்னிரண்டு மணி லோஞ்சில் வந்து அந்த அலுவலகத்துக்குப் போனாய். வேறு ஆளை எடுத்துவிட்டார்களாம்.

அங்கிருந்து நேரே என் கடைக்கு வந்தாய். போனை மேசையில் வைத்துவிட்டு நின்றாய். இரண்டு பேரும் கணக்கைப் பிரித்துப் பார்த்தபோதுதான் பிழை எங்கே என்று விளங்கியது. நீ திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நீ எனக்காக அரை மணி குறைச்சாய், நான் உனக்காக அரை மணி கூட்டினன். ஒருத்தருக்கொருத்தர் சொல்லேல்ல, அவ்வளவுதான்" என்றாய். பிறகு கதிரையை இழுத்து உட்கார்ந்தாய். "இப்ப இதைத் திருத்து. முதல்ல பழைய நேரமா புதிய நேரமா எண்டு கேக்கட்டும். மற்றது, போயிட்டுது எண்டு இனி ஒருநாளும் சொல்லாதை. அதுக்கு எப்பிடித் தெரியும்? நேரம் தாண்டிட்டுது, போய்ப் பார் எண்டு சொல்லு."

திருத்தினோம். லோஞ்சில் பக்கத்தில் இருந்தவர்களுக்கு நீ காட்ட, அவர்கள் தங்கள் போனுக்கும் அனுப்பச் சொல்ல, சில கிழமைகளில் மூதூர் மீன் வியாபாரிகள்கூட என் கடைக்கு வந்து புது நேரம் ஏற்றித்தரக் கேட்டார்கள்.

அந்தச் சித்திரை வருடப்பிறப்போடு அரசாங்கம் மணிக்கூட்டை மறுபடி பின்னுக்கு வைத்தது. இரண்டு கரைக்கும் ஒரே நேரம். அந்த மாதமே உங்கள் பக்கம் குண்டு விழத் தொடங்கியது. நீ மகளையும் தூக்கிக்கொண்டு எங்கே போனாய் என்று எவருக்கும் தெரியவில்லை. லோஞ்சும் நின்றது. நான் கும்பிடாத கோயில் இல்லை.

பல மாதம் கழித்துக் கடைக்கு ஒரு அழைப்பு. மட்டக்களப்புப் பக்கம் ஒரு முகாமில் இருந்து நீ. உயிரோடு இருக்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. "ஐம்பத்திரண்டாம் வரியில பிழை எண்டு காட்டுது, என்ன செய்ய?" என்றாய். அழுதுகொண்டே கேட்டேன், அரைப்புள்ளி போட்டியா என்று. போடவில்லையாம். நீ போடாமல் விட்ட ஒரே அரைப்புள்ளி அதுதான்.

முகாமில் யாரோ ஒரு தொண்டரின் கணினியை இரவல் வாங்கி, நம் புரோகிராமில் லோஞ்ச் நேரத்தை எடுத்துவிட்டு, தண்ணீர் பவுசர் லொறி வரும் நேரம், அரிசி கொடுக்கும் நேரம் எல்லாம் பதிந்துகொண்டிருந்தாய். முகாமில் பெயர் பதியும் வேலைக்கு ஆள் எடுத்து முடிந்தது என்று சொன்னார்களாம். நீ அந்தப் போனோடு போய்ப் பார்த்தாய், வேலை கிடைத்தது. பிறகு ஊர் திரும்பி, மூதூரில் ஒரு அலுவலகத்தில், நோய் விழுத்தும்வரை கணினியின் முன்னால்தான் இருந்தாய்.

நான் இப்போது புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்குச் செயலி செய்யச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு வரி எழுதுவதற்கு முன்னர், இதைப் பாவிக்கப்போகிறவரிடம் போய் அவர் வீட்டு மணிக்கூட்டில் என்ன நேரம் என்று கேட்டு வரச் சொல்வேன். விசர் ரீச்சர் என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

இன்று உன் போனில் நேரத்தைப் பதிந்துவிட்டு அந்தப் புரோகிராமைத் திறந்தேன். பழைய நேரமா, புதிய நேரமா என்று கேட்டது. எப்போதோ தேவையற்றுப் போன கேள்வி, நீ அதை எடுக்கவேயில்லை. பழையது என்பதை அமத்தினேன். பட்டியலில் பவுசர் நேரம் எல்லாம் முடிந்திருந்தது. சின்னத் திரையில், ஆங்கில எழுத்தில், உன் குரலில் வந்தது: நேரம் தாண்டிட்டுது, போய்ப் பார்.