உன் மென்பொருளுக்காகக் காசு கேட்கிறேன்

உன் மடிக்கணினி சூடேறினால், நீ தலைக்கு வைக்கும் எண்ணெயின் மணம் இன்னும் விசைகளுக்கிடையிலிருந்து எழுகிறது. போன மாதமும் அந்த மணத்தோடுதான் அறிவித்தலை வாசித்தேன். மாத முடிவுக்குள் சேவையக வாடகை கட்டாவிட்டால் உன் தளத்தை மூடிவிடுவார்களாம்.

அதில் இருப்பது, ஸ்வரங்களைத் தமிழில் தட்டினால் நாதஸ்வர ஒலியில் வாசித்துக் காட்டும் மென்பொருள். நாதஸ்வரக்காரர்கள் நிறைந்த அளவெட்டியில் காது நிறையக் கேட்டு வளர்ந்தவள் நீ. யாரும் எடுக்கலாம், உள்ளே பார்க்கலாம், திருத்தலாம் என்று திறந்து வைத்தாய். வேலை முடிந்து வந்து ஆசைக்கு வாசிப்பவர்கள்தான் அதிகம் பாவித்தார்கள்.

"விசரே உனக்கு? சும்மா குடுக்கிறாய்," என்று நாங்கள் சேர்ந்திருந்த திருநெல்வேலி அறையில் நான் கேட்டபோது, பாண் துண்டைப் பிய்த்தபடி சொன்னாய்: "காசு வேண்டாம் எண்டு ஆரடி சொன்னது? பூட்டு வேண்டாம் எண்டுதான் சொல்லுறன்."

அந்தக் காசைக் கேட்க உனக்கு நேரம் கிடைக்கவில்லை. ஒரு கிழமைக் காய்ச்சல்.

நான் கேட்டேன். கேட்ட விதம்தான் பிழை. நீ போய்விட்டதைத் தளத்தில் சொல்லி, "இயன்றவர்கள் உதவினால் நன்று" என்று மட்டும் எழுதினேன். என் கணக்கைக் கொடுக்கக் கூச்சப்பட்டு உன் அம்மாவின் கணக்கைக் கொடுத்தேன். எல்லோரும் உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் செலவுக்கென்று அனுப்பிவிட்டார்கள். அம்மா என்னை வாசல் படலையடியிலேயே நிறுத்திவைத்துக் கேட்டா: "என்ரை பிள்ளையின்ரை அந்தியேட்டிக்கு நீ ஊரிட்டைக் கை நீட்டினியோ?" எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினோம்.

வெளிநாட்டிலிருந்து ஒருவர் அழைத்தார். "முழுச் செலவும் நான் பாக்கிறன், தங்கச்சி. திறக்கேக்கை அப்பாவின்ரை படம் வரவேணும். இனி அது எங்கடை கம்பனிக்குத்தான்." கோயிலில் 'உபயம்' என்று முழுநீளத்துக்கும் பெயர் எழுதிய டியூப் லைட்டின் கீழ் நின்று, "வெளிச்சம் எங்காலை வாறது?" என்று நீ சிரித்தது நினைவுக்கு வந்தது. "வேண்டாம் அண்ணை," என்றேன். மாதம் முடிய ஆறு நாள் இருந்தது.

அன்றே மறுபடி எழுதினேன். "இது செத்தவீட்டுக் காசு இல்லை. ஆக்கியவள் இல்லை, மென்பொருள் உயிரோடு இருக்கிறது, நீங்கள் பாவிக்கிறீர்கள். மாதாமாதம் கொஞ்சம் தாருங்கள், அல்லது ஒரேயொரு முறை. வாடகையை நேரே கட்டலாம். உங்களுக்குத் தொல்லை தரும் பிழையைத் திருத்துபவருக்குக் கூலி கொடுக்கலாம். தராதவருக்கும் இது பூட்டப்படாது." கீழே என் பெயரும் என் கணக்கும்.

"படிச்ச பிச்சை" என்று ஒருவன் எழுதினான். அதை நான் அழிக்கவில்லை. அதற்கு அடுத்த வரியில், வவுனியாத் தாதி ஒருவர் ஒரு வருட வாடகையைத் தான் கட்டுவதாக எழுதியிருந்தார். தாளம் பிசகும் அந்தப் பழைய பிழைக்கு மூன்று பேர் சேர்ந்து கூலி வைத்திருக்கிறார்கள். தளம் மூடப்படவில்லை.

நாலு பேர் முன் வாய் திறக்காதவள் என்று என்னைக் கேலி செய்வாயே, இன்று காலை நடந்ததைக் கேள். புத்தூரிலிருந்து பஸ் கண்டக்டர் ஒருவர் அழைத்தார். "பிள்ளை, என்னாலை நூறு ரூபாதான் ஏலும். சொல்லவே வெக்கமாக் கிடக்கு."

"நூறு காணும் ஐயா," என்றேன். "ஆனா அடுத்த மாசமும் தரவேணும்."