வகுப்பில் பேசாத தாரிணி

ஸ்ட்ரெதம், லண்டன்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தாரிணி அப்பாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நாங்கள் இரண்டு பேரும் சுகம். ஸ்கொட்லாந்துக் குளிரில் வேலை செய்யும் உங்களுக்கு நெஞ்சுநோ திரும்பாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் மன்றாட்டு.

இதைப் போனில் சொல்ல முடியவில்லை. ஒற்றை அறையில் எது கதைத்தாலும் பிள்ளையின் காதில் விழும். அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்றுப் பின்னேரம் பள்ளிக்கூடத்திலிருந்து ஷெறோன் என்ற பெண் வந்தார். வீடுகளுக்குப் போய்ப் பெற்றோரைச் சந்திப்பதற்கென்று அவரைப் புதிதாக எடுத்திருக்கிறார்களாம். மன்னார் ஆட்களின் மகள், இங்கே பிறந்தவர். நான் கதவைத் திறந்தபோது தாரிணி உள்ளே வெங்காயங்களைப் பரப்பி, தான் மீன்கடை முதலாளி என்று சத்தம் போட்டு விற்றுக்கொண்டிருந்தாள். அவள் வாய் உங்களுக்குத் தெரியுமே.

ஷெறோன் வாசலிலேயே நின்றுவிட்டார். "அக்கா, உள்ளுக்குக் கதைக்கிறது ஆர்?"

"எங்கட தாரிணிதான்" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப இவளுக்குக் கதைக்க ஏலுமே?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் சொன்னார். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து எங்கள் பிள்ளை அங்கே ஒரு சொல்லும் பேசியதில்லையாம். ஒன்றரை வருடம்! பாத்ரூம் போக வேண்டுமென்றுகூடக் கேட்க மாட்டாளாம். பேச்சு வராத பிள்ளை என்று நினைத்து, மற்றப் பிள்ளைகள் வாசிக்கும்போது இவளுக்குப் படம் கொடுத்து நிறம் தீட்ட விட்டிருக்கிறார்கள். ரீச்சர் என்னிடம் இங்கிலீஷில் பல தடவை சொல்லியிருக்கிறார். நானோ விளங்காமல், பிள்ளையைக் கெட்டிக்காரி என்று புகழ்கிறார் என நினைத்து, "தாங்க்யூ மிஸ்" என்று சிரித்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஷெறோனின் கழுத்தில் தொங்கிய பள்ளிக்கூட அட்டையைக் கண்டதும் தாரிணி கப்பென்று வாயை மூடிக்கொண்டாள். அதை நான் கண்ணால் பார்த்தேன்.

அவர் போனபின் மடியில் இருத்திக் கேட்டேன். "அப்பாதான் சொன்னவர், ஸ்கூல்லை வாய் திறக்கக் கூடாது, திறந்தா எங்களைத் திருப்பி அனுப்பிப்போடுவினம் எண்டு" என்றாள்.

எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. எங்கள் அகதிக் கேஸ் முடியாத நேரத்தில், வீட்டு விசயத்தைச் சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில் நீங்கள் சொன்னது. நானும் பக்கத்தில்தான் நின்றேன். விசா வந்த அன்று கேக் வெட்டினோம். அவளிடம் மட்டும் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

"இனிக் கதைக்கலாம் குஞ்சு" என்றேன். "அப்பா ஓம் எண்டவரே?" என்று கேட்கிறாள். இன்றைக்கும் பேசாமல்தான் இருந்துவிட்டு வந்தாள்.

அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை ரீச்சரோடு இருந்து கதைக்க ஷெறோன் ஒழுங்கு செய்திருக்கிறார். ரீச்சர் சொல்வதைத் தானே தமிழில் சொல்லித் தருவாராம். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. முதலாளியிடம் எப்படியாவது லீவு கேட்டு பஸ் ஏறுங்கள். எங்களோடு அந்த வகுப்புக்குள் வாருங்கள். பிள்ளை பார்த்திருக்க, ரீச்சரோடு நீங்களே முதலில் வாய் திறந்து கதையுங்கள். இங்கிலீஷ் பிழைத்தாலும் பரவாயில்லை.

மாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
மெற்றில்டா