மீசைக்குக் கீழே இருந்தது

திருகோணமலை

அன்பு மகள் கீர்த்தனிக்கு,

நோர்வேக் குளிரில் நீயும் மருமகனும் சின்னவளும் சுகமாக இருக்க அம்மனை வேண்டிக்கொண்டு அப்பா எழுதுவது. இங்கே அம்மா சுகம், நானும் இப்போது சுகம். 'இப்போது' என்றதும் உனக்கு நெஞ்சு திக்கென்னும், போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என் மீசைக்குக் கீழே மேலுதட்டுத் தோல் இரண்டு வருடமாகத் தடித்துக் கிடந்தது. நோகவில்லை, ஆகவே யாருக்கும் சொல்லவில்லை. தை மாதம் ஒருநாள் கொதிக்கக் கொதிக்கத் தேநீர் குடித்து உதடு கொப்பளித்துப்போனதை அம்மாதான் கண்டாள், எனக்குச் சுட்டதே தெரியவில்லை. முதலில் காட்டிய ஆஸ்பத்திரியில் மேலாகக் கொஞ்சம் தோல் எடுத்துப் பார்த்துப் பழைய தழும்பு என்றார்கள், நானும் சந்தோஷமாகத் துறைமுக வேலைக்குப் போய்விட்டேன். அம்மாவுக்கு மனம் ஆறவில்லை, அஸ்மியா என்ற தோல் டொக்டரிடம் என்னை இழுத்துக்கொண்டு போனாள். அந்தப் பிள்ளை பஞ்சால் உதட்டைத் தொட்டுத் தொட்டு, தெரியுதோ என்று கேட்டது, இல்லை என்றேன். "நோகாததுதான் ஐயா எனக்குப் பயமாக் கிடக்கு, ஆழமா எடுத்துப் பாக்கோணும்" என்றது.

ஆழமாக எடுத்ததில் வியர்வைச் சுரப்பியில் வரும் புற்றுநோய் என்று தெரிந்தது. மிக அரிதாம், மெதுவாக வளருமாம், தூர உறுப்புகளுக்குப் போவது குறைவாம், ஆனால் நரம்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஊருமாம், உதடு விறைத்தது அதனால்தான். கொழும்பில் வெட்டினார்கள். வெட்டிய துண்டின் ஓரத்தைப் பரிசோதித்து, மிச்சம் இருந்த பக்கத்தை மறுபடி வெட்டி, மூன்றாம் முறைதான் ஓரம் சுத்தம் என்றார்கள். கன்னத்துத் தோலை இழுத்துத் தைத்திருக்கிறார்கள். மீசை போய்விட்டது, உதடு ஒரு பக்கம் கோணல், அந்த முகத்தை உனக்குக் காட்ட மனமில்லாமல் கமரா பழுது என்று நான்கு மாதம் பொய் சொன்னேன். பிள்ளைக்குப் பொய் சொன்ன வாய் கோணாமல் என்ன செய்யும் என்று அம்மா திட்டினாள், திட்டிக்கொண்டே சோற்றைக் குழைத்து ஊட்டினாள். திரும்பவும் வரக்கூடியதாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டவேண்டும். நீயும் நோகவில்லையே என்று உடம்பில் எதையும் விட்டுவிடாதே மகள்.

நீ போன பன்னிரண்டு வருடத்தில் உன்னை வா என்று நான் கேட்டதில்லை, உன் வேலை, சின்னவளின் பள்ளிக்கூடம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். மயக்கமருந்து ஏறும்போது நான் ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேனாம், தாதி வெளியே வந்து அம்மாவிடம் "ஆரம்மா கீர்த்தனி" என்று கேட்டாளாம். ஆகவே இந்த முறை கேட்கிறேன், விடுமுறைக்கு வந்துவிட்டுப் போ.

அம்மன் உங்கள் மூவருக்கும் துணையிருக்கட்டும். சின்னவளுக்குக் காது மூடத் தொப்பி போட மறக்காதே.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அப்பா
சோமசேகரம்